கழுதை என்று பெயர் வந்த ஆட்டம்

அந்தக் காலத்தில் மரத்து இலைகள்தான் சீட்டுகள், ஆடியவை விலங்குகள். அவை பேசவும் செய்தன, வாய் கூசாமல் பொய் சொல்லவும் செய்தன. ஆட்டத்துக்கு மட்டும் பெயர் இருக்கவில்லை.

ஒரு கோடையில் காட்டுக் குளம் வற்றிப்போயிற்று. காற்று அசையவில்லை. மஞ்சள் வெயிலில் விலங்குகள் கண் சொருகிக் கிடந்தன. அப்படிக் கிடந்தபோது எல்லாவற்றுக்கும் ஒரே கனவு வந்தது. மலைக்கு அப்பால் நீலமாக ஓர் ஏரி, கரை முழுக்கப் பச்சைப் புல். விழித்ததும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. கனவில் குடித்த தண்ணீர் நாக்கில் இன்னும் குளிர்ந்தது.

"கிளம்பிட வேண்டியதுதான்," என்றது நரி.

கிளம்பலாம். மூட்டையை யார் சுமப்பது? அந்நாளில் யாருக்கும் சுமந்து பழக்கமில்லை, கழுதைக்கும்தான். குரங்குக்குத் தன் ஊஞ்சல் கொடியை விட்டுவர மனமில்லை. நரி காயவைத்த நண்டே ஒரு கூடை. கிழங்கு, தேன் என்று மூட்டை பெருத்துக்கொண்டே போனது.

"இலை போட்டு ஆடுவோம். கடைசியில யார் கையில இலை மிஞ்சுதோ, அவங்க சுமக்கட்டும்," என்றது நரி.

ஆல், அரசு, வேம்பு, பூவரசு என்று இலைகளைப் பங்கிட்டுக்கொண்டு நரி, குரங்கு, முயல், கழுதை நான்கும் உட்கார்ந்தன. ஒருவர் போட்ட இலையையே மற்றவர்களும் போட வேண்டும். அது இல்லாதவர் வேறு இலையால் வெட்டலாம். முதலில் போட்ட வகையில் பெரிய இலையைப் போட்டவரே அடுத்த சுற்றைத் தொடங்க வேண்டும்; வெட்டு விழுந்தால் எல்லாவற்றையும் அவர் அள்ளிக்கொள்ளவும் வேண்டும்.

கழுதைக்கு ஓர் ஆசை இருந்தது. யார் காலும் படுவதற்கு முன் அந்த ஏரியில் தன் முகத்தைப் பார்க்க வேண்டும். காட்டுக் குளம் எப்போதும் கலங்கியே கிடந்ததால் அது தன் முகத்தைக் கண்டதே இல்லை. வெறும் முதுகோடு ஓடினால் முதல் ஆளாகப் போய்விடலாம். அதனால் விழுந்த இலை ஒவ்வொன்றையும் நினைவில் வைத்து நிதானமாக ஆடியது.

முதலில் நரி கை காலியாகி எழுந்தது, அடுத்துக் குரங்கு. மிஞ்சியவை கழுதையும் முயலும், ஆளுக்கு இரண்டு இலை.

முயலின் மடியில் கண் திறக்காத குட்டி ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, மூட்டை எனக்கு வந்துட்டா இவனை எப்படித் தூக்குவேன்?"

"விட்டுட்டு வா. அப்புறமா எடுத்துக்கலாம்," என்று கொட்டாவி விட்டது குரங்கு. அடுத்தவர் பிள்ளை என்றால் யோசனை தாராளமாக வரும்.

கழுதை தன் இலைகளைப் பார்த்தது. அரசு ஒன்று, வேம்பு ஒன்று. முயலிடம் இருப்பவை அரசும் ஆலும் என்று அதற்குத் தெரியும். தன் சிறிய அரசைப் போட்டால், பெரிய அரசு வைத்திருக்கும் முயல் அடுத்து ஆலை இறக்க வேண்டிவரும்; அதை வேம்பால் வெட்டிவிட்டுத் தப்பிவிடலாம். வேம்பைப் போட்டால் முயல் தப்பிவிடும். கனவில் கண்ட நீலம் கண்முன் ஒருமுறை அசைந்தது. குட்டி தூக்கத்தில் பால் குடிப்பதுபோல் வாயைச் சப்பியது.

கழுதை வேம்பைப் போட்டது. முயல் ஆலால் வெட்டியது. கழுதை இரண்டையும் அள்ளிக்கொண்டு, மறுபடியும் அதே வேம்பைப் போட்டது.

முயல் நிமிர்ந்தது. "அக்கா, எங்கிட்ட வேம்பு இல்லைன்னு இப்பத்தானே பார்த்தீங்க?"

"வெட்டு தாயி," என்றது கழுதை.

முயல் தன் கடைசி இலையால் வெட்டியது. மூட்டை கழுதையின் முதுகில் ஏறியது.

நரி விழுந்து விழுந்து சிரித்தது. "தோத்த இலையையே திரும்பவும் போடுது பாரு! கழுதை! கழுதை!" குரங்கும் அதையே கூவிக்கொண்டு மலையேறியது. வழியில் கேட்டவர்களெல்லாம் பிடித்துக்கொண்டார்கள்.

கழுதையின் பக்கத்திலேயே நடந்த முயலுக்கு, 'அக்கா தோற்கவில்லை, எனக்காக விட்டுக்கொடுத்தாள்' என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் குட்டியின் பிடரியை வாயில் கவ்வியிருந்தது. வாயைத் திறந்தால் பிள்ளை பாறையில் விழும். உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டே மலை முழுதும் நடந்தது.

அவை போய்ச் சேர்ந்தபோது மற்றவை குதித்துக் குளித்து ஏரி கலங்கியிருந்தது. கழுதை முகம் பார்க்காமலே தண்ணீர் குடித்தது. முயல் குட்டியை இறக்கிவிட்டு நடந்ததைச் சொன்னது. கூச்சலில் யாரும் கேட்கவில்லை, பெயர் நிலைத்துவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அன்று முதல்தான் அந்த ஆட்டத்துக்குக் கழுதை என்று பெயர்; கடைசியில் கையில் சீட்டோடு மிஞ்சுகிறவரையும் கழுதை என்று சொல்லிச் சிரிக்கிறோம். அன்று முதல்தான் சும்மா இருக்கும்போதும் முயலின் உதடு, எதையோ சொல்ல வருவதுபோல் துடித்துக்கொண்டே இருக்கிறது.