பிணத்துக்கு வசனம் இல்லை

“எல்லாருக்கும் வசனம் இருக்கு. எனக்கு மட்டும் பொணமாக்கா?” என்று கேட்டான் ரெமி.

வினோலியா ஒரு வெள்ளை வேட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அந்தக் கடற்கரை ஊரின் இளைஞர் நாடகக் குழுவுக்கு அவள்தான் ஆசிரியை. அவனைவிட ஆறே வயது மூத்தவள். பேச்சில் மகா கஞ்சம்.

நாடகம் ஒரு சாவு வீட்டுக் கூத்து. பணக்கார வாலிபன் ஒருவன் செத்ததுபோல் கிடந்து, சொந்தபந்தங்களின் லட்சணத்தைச் சோதிப்பான். அவர்கள் வரிசையில் வந்து முகம் பார்ப்பார்கள். ஒப்பாரி வைத்துக்கொண்டே, பீரோ சாவி எங்கே என்று அவன் காதில் கேட்பார்கள். பதினோரு பேருக்கும் வயிறு குலுங்க வைக்கும் வசனங்கள். பிணத்துக்குக் கடைசியில் எழுந்து உட்காருவது மட்டும்தான் வேலை.

ரெமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் கடலுக்குப் போன அவன் அண்ணன் லூர்து திரும்பவில்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அப்பா கஸ்பார் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. சோறு போட்டால் சாப்பிடுவார், அவ்வளவுதான். அவரை ஒரே ஒரு தடவை சிரிக்க வைத்துவிட வேண்டும் என்றுதான் ரெமி இந்தக் குழுவில் சேர்ந்தான். கெஞ்சிக் கூத்தாடி, நாடகம் பார்க்க வரவும் சம்மதிக்க வைத்திருந்தான்.

இதையெல்லாம் அவளிடம் கொட்டித் தீர்த்தான். படுத்துக் கிடந்தே ஒரு மனுஷனை எப்படிச் சிரிக்க வைப்பது என்று கேட்டான்.

“படு,” என்றாள்.

படுத்தான்.

“மூச்சு தெரியுது. இன்னும் படு.”

ஒரு மாதம் இதே ஒத்திகைதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சமூகக்கூடம் நிரம்பி வழிந்தது. கஸ்பார் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

ரெமி ரகசியமாக ஒரு திட்டம் வைத்திருந்தான். பதினோராவது ஆள் நகர்ந்ததும், அப்பா பக்கமாக ஒற்றைக் கண்ணைத் திறந்து சிமிட்டிவிடுவது. தெரிந்தால் வினோலியாக்கா தோலை உரித்துவிடுவாள். உரிக்கட்டும்.

நாடகம் தொடங்கியது. கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. ரெமி கண்ணை மூடியபடி வருகிறவர்களின் காலடிகளை எண்ணிக்கொண்டிருந்தான். ஒன்பது. பத்து. பதினொன்று.

கண்ணைத் திறக்கப் போனான். பன்னிரண்டாவது காலடி கேட்டது.

பீடி வாசனை வந்தது. ஒரு சொரசொரப்பான கை நெற்றியைத் தடவியது. கூடம் முன்னைவிடப் பலமாகச் சிரித்தது. இதுவும் நாடகம் என்று நினைத்துவிட்டார்கள்.

“வந்துட்டியாலே, லூர்து?”

அப்பாவின் குரல்.

ரெமி அண்ணனை அப்படியே உரித்து வைத்தவன். இத்தனை நாளும் அது அவனுக்குத் தோன்றவே இல்லை.

“எவ்வளவு தேடுனோம். எங்க மக்கா கெடந்த?”

சிரிப்பு மெல்லக் குறைந்து, நின்றே போனது. கஸ்பார் அவன் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கதறினார். அந்த மனுஷனுக்குள் இப்படியொரு குரல் இருக்கும் என்று ரெமி கனவிலும் நினைத்ததில்லை. சிரிக்க வைக்கக் கூட்டி வந்து என்ன காரியம் செய்துவிட்டேன் என்று தன்னையே நொந்துகொண்டான்.

ஓரத்திலிருந்து வினோலியா மேடைக்கு வந்தாள். அவன் கால்மாட்டில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து ஒருத்தி உட்கார்ந்தாள், பிறகு ஒருவன். பதினோரு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

ரெமி உதடு அசையாமல் கேட்டான்.

“எந்திரிச்சிரட்டுமாக்கா?”

அவள் அவன் பாதத்தை இறுக்கிப் பிடித்தாள்.

“இருல. அப்பா இன்னும் முடிக்கல.”