கோடு விழாத குஞ்சுகள்

காத்தவராயனுக்குத் தன் கண் மேல்தான் சந்தேகம்.

சுரபுன்னைக் காட்டு ஆற்றில் வரி இறால் குஞ்சு பிடித்துப் பண்ணைகளுக்குக் கொடுப்பது அவர் பிழைப்பு. முன்பெல்லாம் ஒரு தரம் வலையை இழுத்தாலே தட்டு கொள்ளாது. இப்போது கொசுவலை போலப் பொடிக் கண் வலை வாங்கி, நாள் முழுக்க இழுத்தும் நாலைந்து குஞ்சுக்கு மேல் கண்ணில் படவில்லை. கண்ணில் கோளாறு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். காத்தவராயன் நம்பவில்லை.

ஆற்றோரத்து மடத்தில் தியானம் சொல்லித்தரும் பூரணி அம்மாளிடம் போய்ச் சேர்ந்தார். அம்மாளுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும்.

"அம்மா, மனசு ஒரு இடத்துல நின்னா பார்வை கூர்மையாகுமா?"

"எதைப் பார்க்கணும்?"

"இறால் குஞ்சை."

"வாங்க, போய்ப் பார்ப்போம்."

ஆற்றில் நீர் ஏறிக்கொண்டிருந்தது. காத்தவராயன் வலையை இழுத்துவந்து வெள்ளைத் தட்டில் உதறினார். அம்மாள் சேற்றிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லைம்மா."

"நெளியுதே?"

"அது மடவை மீன் குஞ்சு. அந்தாண்ட நண்டு. இது கொடுவா மீன். இதெல்லாம் வெள்ளை இறால்." ஒரு சிப்பியால் ஒன்றை மட்டும் அள்ளிக் காட்டினார். "உடம்போட செங்கோடு ஓடுது பாருங்க. இதுதான் வரி இறால்."

அம்மாள் குனிந்து பார்த்தார். "எனக்கு ஒரு கோடும் தெரியலை. உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு."

காத்தவராயனுக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்த நொடியே தட்டை மறுபடி பார்த்தார்.

"அப்ப குஞ்செல்லாம் எங்கம்மா போச்சு?"

அம்மாள் தட்டின் ஓரத்தைக் காட்டினார். "இது என்ன?"

காத்தவராயன் வெகுநேரம் பார்த்தார். "தெரியலை. ரொம்பப் பொடிசு. இன்னும் கோடு விழலை."

"விழுந்தா?"

"வரி இறாலா இருக்கலாம். வேறெதாவதாவும் இருக்கலாம்."

"வழக்கமா என்ன செய்வீங்க?"

"மிச்சத்தோட சேர்த்துக் கரையில கொட்டிடுவேன். எல்லாருமே அப்படித்தான்."

சொல்லிவிட்டுக் கரையைத் திரும்பிப் பார்த்தார். காய்ந்த சேற்றின் மேல் நேற்றுக் கொட்டியது செத்து வெள்ளையாகப் படிந்திருந்தது. அதற்கு அப்பாலும் வளைவு வரை அப்படியே கிடந்தது. காகங்கள் கொத்திக்கொண்டிருந்தன.

தட்டைக் கொட்டாமல் கையிலேயே பிடித்துக்கொண்டார்.

"இப்ப இதை என்னம்மா செய்யறது?"

"அது என்னன்னு உங்களுக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை. ஆத்துக்குத் தெரியுதான்னு விட்டுப் பார்ப்போமே."