பின்பக்கமாக நடந்த அரசர்

முன்னொரு காலத்தில் என்று தொடங்கினால், எந்த நாடு, எந்த அரசர் என்று கேட்பீர்கள். நாட்டின் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லமாட்டேன், இந்தக் கதையில் வரும் பிரதானியின் வம்சத்தார் இன்னும் எங்கேயாவது இருப்பார்கள், எனக்கு எதற்கு வம்பு? அரசரின் பெயர் கடம்பவேள். வயது பத்தொன்பது. ஏழு வயதில் தந்தையை இழந்து அரியணை ஏறியவர்.

அந்த நாட்டில் ஒரு சட்டம் இருந்தது. அரசருக்கு முன்னால் யாரும் நடக்கக் கூடாது. அவருடைய முதுகைப் பார்த்து யாரும் பேசவும் கூடாது. மீறினால் தலை போகும். மரியாதைக்காகத்தான் யாரோ எழுதி வைத்திருப்பார்கள். ஆனால் ஏழு வயதுப் பிள்ளையை அது என்ன பாடு படுத்தியது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. ஓடிப்பிடித்து விளையாடினால், துரத்தி வந்தவர்கள் பத்தடி பின்னாலேயே நின்றுவிடுவார்கள். திரும்பிப் பார்த்தால் எல்லோரும் தலைகுனிந்து நிற்பார்கள். கடம்பவேள் எங்கே போனாலும் அவர் கண்ணெதிரே இருந்தது ஆளில்லாத வழி மட்டும்தான். பன்னிரண்டு வருஷமாக அதையே பார்த்துப் பார்த்து அவருக்கு அலுத்துவிட்டது.

தலைநகருக்கு மேற்கே பெரிய சேற்றுநிலம் ஒன்று இருந்தது. மழை தொடங்குமுன் ஆற்றங்கரைக் குடிகள் அதைக் கடந்து மேட்டுக்குப் போய்விட வேண்டும்; தங்கினால் வெள்ளம் கொண்டுபோய்விடும். முதலில் அரசர், பிறகு ஊர். அதுதான் வழக்கம். பல வருஷமாகச் சேற்றோரத்து ஆள் ஒருவன் அரசரைத் தோளில் சுமந்து நடந்ததால் சிக்கல் இல்லை. போன வருஷம்தான் தலைமை அமைச்சரான பிரதானி கார்மேகராயர், "இனி அரசர் தம் சொந்தக் காலில் நடப்பதே அழகு" என்றார்.

அரசரும் நடந்தார். கெட்டித்தரை எது, புதைசேறு எது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் பின்னால் வந்தார்கள், வாய் திறக்கவில்லை. மெல்லிய உடம்பு என்பதால் அரசர் எப்படியோ கடந்துவிட்டார். அவர் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து, தலையில் சுமையோடு வந்த இரண்டு பேர் புதைந்துபோனார்கள்.

அன்றிலிருந்து அரசருக்குச் சோறு இறங்கவில்லை. அரண்மனையில் முந்நூறு பேர் இருந்தார்கள். "உங்களால்தான் செத்தார்கள்" என்று சொல்ல ஒருவர் இல்லை. "நீங்கள் என்ன செய்வீர்கள், பாவம்" என்று சொல்லவும் ஒருவர் இல்லை.

மறுபடி மழைக்காலம் நெருங்கியது. அரசர் சபையில் கேட்டார்: "சேற்றில் வழி நடத்த எனக்குக் கற்றுத்தருபவர் யார்?"

"அரசருக்குத் தெரியாதது உலகில் உண்டா?" என்றார் பிரதானி. மற்றவர்கள் ஆமாம் போட்டார்கள்.

விகடகவி சடையாண்டி மட்டும் தொண்டையைச் செருமினான். "அரசே, அது கற்றுத்தந்து வருவதில்லை. வழி தெரிந்தவர் பின்னால் ஒருமுறை நடந்தால் வரும். பின்னால் நடக்காதவருக்கு முன்னால் நடக்க எப்படித் தெரியும்?"

அரசரைப் பின்னால் நடக்கச் சொல்வதா என்று சபை பதறியது. பிரதானிக்கோ உள்ளுக்குள் ஒரே குஷி. சடையாண்டியின் வாயால் அவர் பட்ட அவமானம் கொஞ்சநஞ்சமல்ல.

"அப்படியே ஆகட்டும்! சடையாண்டியே அரசரை அழைத்துப் போகட்டும். ஆனால் சட்டம் சட்டம்தான். அரசருக்கு முன்னால் ஓர் அடி வைத்தாலும் தலை போகும். அரசரின் முழங்காலில் சேறு பட்டாலும் தலை போகும்."

சட்டத்தை மாற்றலாம் என்றால், அதற்கு அரசருக்கு இருபது வயது நிரம்ப வேண்டும். இன்னும் ஐந்து மாதம் பாக்கி. கடம்பவேள் சடையாண்டியைப் பார்த்தார். தம்மிடம் உண்மை பேசிய ஒரே ஆளும் இதோ போகப்போகிறான் என்று நினைத்தார்.

குறித்த நாள் காலையில் ஊரே மூட்டை முடிச்சுகளோடு சேற்றின் கரையில் நின்றது. சடையாண்டி ஒரு கிழட்டு எருமையை ஓட்டிக்கொண்டு வந்தான்.

"அரசே, மேட்டுக்கு முதுகைக் காட்டி, ஊரைப் பார்த்து நில்லுங்கள்" என்றான். அரசர் அப்படியே நின்றார். சடையாண்டி அவருக்கு முதுகைக் காட்டி, எருமையைப் பார்த்து நின்றுகொண்டு, தன் மேல்துண்டின் முனையை அவர் கையில் கொடுத்தான். "துண்டை விடாதீர்கள். நான் சொல்லும் காலைப் பின்பக்கமாக எடுத்து வையுங்கள்."

"அடே! அரசருக்கு முன்னால் நிற்கிறாயே!" என்று கத்தினார் பிரதானி.

"நன்றாகப் பாருங்கள் ஐயா. அரசரின் முகம் எங்கே இருக்கிறது? அவருடைய முதுகுக்குப் பின்னால்தானே நிற்கிறேன்?"

"அவருடைய முதுகிடம் பேசுகிறாயே, அது குற்றமில்லையா?"

"முதுகைப் பார்த்துப் பேசினால்தானே குற்றம்? நான் எருமையின் முதுகை அல்லவா பார்த்துக்கொண்டிருக்கிறேன்!"

கூட்டத்தில் எங்கோ ஒரு சிரிப்பு எழுந்து சட்டென்று அடங்கியது. பிரதானி பல்லைக் கடித்தார். பின்பக்கமாக நடக்கிறவர் எப்படியும் இடறி விழுவார், முழங்கால் என்ன, கழுத்துவரை சேறு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பேசாமல் நின்றார்.

எருமை நடந்தது. சடையாண்டி அது கால் வைத்த இடத்தில் கால் வைத்தான். "வலக்கால்... இடக்கால்... கொஞ்சம் தள்ளி..." என்று அவன் சொல்லச் சொல்ல, அரசர் தடவித் தடவிப் பின்னால் போனார். எங்கே போகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. கையில் ஒரு துண்டு, காதில் ஒரு குரல், அவ்வளவுதான். ஆனால் முதல்முறையாகத் தம்மைத் தொடர்ந்து வருகிறவர்களைப் பார்த்தார். தலையில் அடுப்பும் பாயும் சுமந்தவர்கள், இடுப்பில் குழந்தையோடு வந்தவர்கள், யாரும் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார்கள். அவர் கால் பட்ட இடத்தைக் கண்ணால் குறித்துக்கொண்டு அங்கேயே வைத்தார்கள். இத்தனை பேர் உயிர் என் காலடியிலா இருந்தது என்று நினைத்தார்.

அந்த நினைப்பிலேயே, "இடக்கால், நேராக" என்ற குரலைக் கவனிக்காமல் காலை அகட்டி வைத்துவிட்டார். சேறு கணுக்காலை இழுத்தது.

"அங்க வேணாஞ் சாமி! காலை எடுங்க!"

வரிசையில் முதலில் வந்த ஒரு பெண் கத்திவிட்டாள். அரசர் சட்டென்று காலை இழுத்துக்கொண்டார். சேறு ஆடுசதைக்குக் கீழேயே நின்றுவிட்டது. அவளோ பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உன் பெயர் என்ன?" என்றார் அரசர்.

"நாச்சி, சாமி."

"போன வருஷமும் நான் தப்பாகக் கால் வைத்ததைப் பார்த்தாயா?"

அவள் கையை எடுத்தாள். "பாத்தேன் சாமி. எல்லாருந்தான் பாத்தோம். அப்ப உங்க முதுகுதான தெரிஞ்சுது? முதுகுகிட்ட எப்படிச் சொல்றது? எங்க வீட்டுக்காரரு நீங்க வச்ச எடத்துலயே வச்சாரு."

"இனி நான் தப்பாகக் கால் வைத்தால் சொல்லு" என்றார் அரசர். அவள் சொன்னாள். கரை வரும்வரை முன்பக்கமிருந்து அவளும் பின்பக்கமிருந்து சடையாண்டியும் சொல்லிக்கொண்டே வந்தார்கள். யாரோ ஒருவர் தம்மைத் திருத்துவது இப்படி இருக்குமா என்று அரசருக்கு அழுகை வந்தது. வெட்கமும் ஒரு சந்தோஷமும் சேர்ந்த அழுகை அது.

எல்லோரும் மேட்டை அடைந்தார்கள். ஒருவரும் புதையவில்லை. பிரதானி விடவில்லை.

"அரசே! என்ன சொன்னாலும் கரையை முதலில் தொட்டவன் இவன். இவன் தலையை வாங்க வேண்டும்."

சடையாண்டி கும்பிட்டான். "சட்டப்படியே நடக்கட்டும். வழி நெடுக அரசரின் முகத்துக்கு முன்னால் நடந்தவர்கள் யார்? பிரதானியும் சபையாரும் ஊரும்தான். நானும் இந்த எருமையும் மட்டுமே அவருக்குப் பின்னால் வந்தோம். எங்கள் இருவரைத் தவிர எல்லோர் தலையையும் வாங்கிவிடுங்கள். பிரதானியிடமிருந்தே தொடங்கலாம்."

பிரதானியின் கை தன்னையறியாமல் கழுத்துக்குப் போனது. அதைப் பார்த்ததும் கடம்பவேள் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேட்டில் உட்கார்ந்து சிரித்தார்.

"தலை வாங்கும் வேலையை ஐந்து மாதம் ஒத்திவைக்கிறேன். அதற்குள் எனக்கு இருபது வயது ஆகிவிடும்" என்றார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிச் சடையாண்டியிடம் கொடுத்தார். அவன் அதை எருமையின் கொம்பில் மாட்டினான். "வழி தெரிந்தவள் இவள்தான் அரசே. நான் இவள் பின்னால் வந்தேன். அவ்வளவுதான் என் சாமர்த்தியம்."

ஐந்து மாதம் கழித்து அந்தச் சட்டம் ஒழிந்தது. மூன்றாம் வருஷம் அரசர் முன்னால் நடந்து ஊரை அழைத்துப்போனார், ஒரு கால்கூடப் புதையவில்லை என்பார்கள். எனக்கென்னவோ அதற்கு முந்திய வருஷம்தான் பெரிதாகப் படுகிறது.

அந்த வருஷம் அரசர் முன்னால் போகவில்லை. நாச்சியையும் சேற்றோரத்து ஆட்களையும் முன்னே விட்டு, தலையில் ஒரு மூட்டையோடு வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார். பாதி வழியில் கோரைப்புல் உயரமாக வளர்ந்திருந்தது. முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராக அதற்குள் மறைந்தார்கள். பேச்சுச் சத்தமும் தேய்ந்தது. மூட்டை கனத்தது, கால் மெல்லத்தான் வந்தது. மறுபடியும் ஆளில்லாத வழியில் அவர் தனியாக நின்றார். தம்மை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்றே நினைத்தார்.

கோரை அசைந்தது. வரிசையின் முன்னாலிருந்த நாச்சி அவ்வளவு தூரம் திரும்பி வந்து, புல்லை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

"என்ன சாமி, வர்றீங்களா?"

"வருகிறேன்" என்றார் அரசர்.