மூடாத மேற்கோள்குறி

நாச்சிமுத்துவின் புளுகுக்கு அன்றைக்கு ஓர் அவசரம் இருந்தது. மறுநாள் காலை பழனியில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்லாமல் காது குத்த முடியாது. சாயங்கால பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். தேடல் பெட்டியில் ஆட்கள் தட்டுவதைப் பிரித்துப் பார்த்து, கேட்பது இன்னதென்று புரிந்துகொள்ளும் பார்சரை எழுதியவர் அவர்தான். அதைச் சோதித்து ஜெசிந்தா ஓகே போட்டால்தான் கிளம்பலாம். அவளோ அவர் புளுகைக் கேட்டுக் கேட்டுத் தேறியவள். ஆபீஸ் கேன்டீனில் டீயும் லேப்டாப்புமாக உட்கார்ந்திருந்தாள்.

முதலில் அடக்கமாகத்தான் ஆரம்பித்தார். தப்பும் தவறுமாகத் தட்டினாலும் தன் பார்சருக்குப் புரியுமாம். பக்கத்தில் வடை தின்றுகொண்டிருந்த சக ஊழியன் ரங்கராஜ், அது எல்லா பார்சரும் செய்வதுதானே என்றான். நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது.

உடனே சூலூர்க்காரர் ஒருவர் கதைக்குள் வந்தார். நிலத்தகராறு என்று தட்டி, அண்ணன் பெயருக்கு முன்னால் கழித்தல் குறி போட்டாராம். அண்ணன் வேண்டாம் என்று அர்த்தம். அண்ணன் தேடல் பட்டியலை விட்டுப் போனதோடு நிற்கவில்லை. நிலமே வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊரை விட்டே போய்விட்டாராம்.

ரங்கராஜுக்குப் புரையேறியது. நாச்சிமுத்து நிறுத்துவதாக இல்லை. இன்னொருத்தர் அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாகப் போட்டுக்கொண்டே போனாராம். உள்ளே போன பார்சர், திரும்பும்போது அவர் தொலைத்த மூக்குக்கண்ணாடியையும் எடுத்து வந்ததாம். பொள்ளாச்சிப் பெண்ணொருத்தி எதையுமே தட்டவில்லை, பெட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். மாப்பிள்ளை விலாசம் வந்துவிட்டது.

"கல்யாணம் ஆச்சுங்களா?" என்றான் ரங்கராஜ்.

"இப்ப மாசமா இருக்குது."

ஜெசிந்தா ஒரு மேற்கோள்குறியைத் திறந்து, காதுகுத்து என்று தட்டினாள். குறியை மூடாமலே தேடச் சொன்னாள். திரை அப்படியே நின்றுவிட்டது.

நாச்சிமுத்து அசரவில்லை. "ஹேங் ஆகலீங்க. நீங்க சொல்லி முடிக்கட்டும்னு மரியாதையா காத்திருக்குது. கொஞ்ச நேரம் பாத்துட்டு அதுவே குறிய மூடிக்கும். அந்தளவுக்கு வளத்திருக்கேன்."

அவர் பஸ்ஸை நினைத்தால் ஜெசிந்தாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இதை இப்படியே அனுப்பினால், நாளைக்கு ஒரு குறியை மறந்தவர்கள் எல்லாருடைய திரையும் நிற்கும். லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"சரிங்ண்ணா. அது மூடுனதும் நான் ஓகே போட்டர்றேன். எனக்கு வீடு பக்கந்தான்."