கூப்பிட்டா வராத ஆடு

போடிக்குப் பக்கத்துல ஒரு ஊர்ல ஒரு ஒச்சம்மா இருந்தாளாம். நாப்பது ஆடு வச்சிருந்தா. "ஏய்... பா பா பா!"ன்னு ஒரு சத்தம் குடுத்தாப் போதும், எங்க மேஞ்சாலும் தடதடன்னு ஓடியாந்துரும். அதுல அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை. கேக்குறியா?

ம்.

அவ புருஷன் மொக்கச்சாமி ஒரு நாள் சீண்டினான். "மூணாறு மலை உச்சியில வரையாடுன்னு ஒரு காட்டு ஆடு இருக்காம். அதைக் கூப்பிடு பாப்போம்!"

இவ விடுவாளா? "ஆடுன்னா ஆடுதான். வரலேன்னா ஒரு வருஷம் உங்களை எதுத்துப் பேச மாட்டேன்"னுட்டா. ஊரே கேட்டுச்சு. ஐயோ, எதுத்துப் பேசலேன்னா அவளுக்குச் சோறே இறங்காதே!

அப்புறம், வரையாடு குட்டி போடுற காலம்னு ஆளுங்களை விடாமப் பூட்டி வச்சிருந்த அந்த மலைக்காட்டைத் திறந்ததும் ரெண்டு பேரும் பஸ் ஏறினாங்க. இறங்கி நடந்தாங்க, நடந்தாங்க... புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வாங்குது. குளிர்ல பல்லு கிடுகிடுங்குது. அப்போ பாத்தா, புல்லுச் சரிவுல ஏழெட்டு வரையாடு!

ஒச்சம்மா இடுப்புல கையை வச்சா. "ஏய்... பா பா பா!" ம்ஹூம். ஒண்ணு கூட காதை ஆட்டல.

அப்புறம் மடியில ஒளிச்சுக் கொண்டாந்த அகத்திக்கீரையை எடுத்துச் சரசரன்னு ஆட்டினா. காவலுக்கு நின்ன பொண்ணு ஓடியாந்துச்சு. "யக்கா! இங்க எதுவும் திங்கக் குடுக்கக் கூடாது!" கீரை திரும்ப மடிக்குள்ளயே போயிருச்சு.

மூணாவது, குட்டி கத்துற மாதிரி "ம்மே..."ன்னா பாரு! பெரிய கிடா ஒண்ணு "ஃபீய்ங்"ன்னு விசில் அடிச்சுச்சு. அம்புட்டு ஆடும் பாறை மேல தாவி, கல்லு கடகடன்னு உருள, போயே போச்சு. மொக்கச்சாமி வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். இவளுக்கு அழுகையே வந்துருச்சு. ஒரு பாறை ஓரமா உக்காந்துட்டா. தூங்கிட்டியா?

ம்... இல்ல.

அப்போ பொசபொசன்னு மூடுபனி வந்து மலையை மூடிருச்சு. கொஞ்ச நேரத்துல விலகுச்சு. பாத்தா, பத்தடி தள்ளி ஒரு தாய் ஆடு! வயித்துக்கடியில ஒரு சின்னக் குட்டி, சப்பு சப்புன்னு பால் குடிக்குது.

மொக்கச்சாமிக்கே பொறுக்கல. "அடியே, கூப்பிடு! இப்பக் கூப்பிட்டா வந்துரும்!"

ஒச்சம்மா வாயைத் திறந்தா. குட்டியைப் பாத்தா. பால் குடிக்கிற குட்டியை எந்த ஆட்டுக்காரி கலைப்பா? திறந்த வாயைக் கையால பொத்திக்கிட்டா. "உஸ்ஸ்... தோத்தாத் தோத்துட்டுப் போறேன். அது குடிக்கட்டும்."

குட்டி வயிறு முட்டக் குடிச்சுட்டு, ஒரு துள்ளு துள்ளி, தாய் பின்னாலயே போச்சு. அது வரைக்கும் ரெண்டு பேரும் அசையல. அவளுக்கு மனசெல்லாம் குளுந்து போச்சு.

திரும்பி வர்றப்போ மொக்கச்சாமி மீசையை முறுக்கினான். "தோத்துட்டேல்ல? இந்தா, மொத உத்தரவு. அடுத்த வருஷமும் நாம இங்க வர்றோம்."

எதுத்துப் பேசக் கூடாதே! ஒச்சம்மா சிரிச்சுக்கிட்டே தலையை மட்டும் ஆட்டினா.

அவ வாயை மூடிட்டா, கதையும் முடிஞ்சுது. நீ கண்ணை மூடு, தங்கம்.