முள்ளாண்டி ஓட்டிய பலுகு

மலையடிக் காட்டில் செம்பி என்றொரு கவுதாரி, தன் நான்கு குஞ்சுகளோடு இருந்தது. அதன் சொத்தெல்லாம் ஒரு பிடித் தட்டைப்பயறுதான். அதை விதைத்துத்தான் குஞ்சுகளுக்குக் கோடைக்கான தீனி சேர்க்க வேண்டும்.

காட்டோரத்து வயலில் டிராக்டர் ஓடியதைச் செம்பி பார்த்திருந்தது. முதலில் சட்டிக் கலப்பை மண்ணைப் புரட்டியது. பிறகு பலுகு என்ற சீப்புப் போன்ற கருவியின் பற்கள் மண்கட்டிகளை உடைத்தன. உடனே செம்பி, காட்டுப்பன்றி கொம்பையனிடம் போனது.

"அண்ணே, உங்கள் கொம்புதான் எனக்குச் சட்டிக் கலப்பை!"

கொம்பையன் உச்சி குளிர்ந்துபோய், செம்பி காட்டிய துண்டு நிலத்தில் மண்ணைப் புரட்டித் தள்ளியது. அடுத்து, பலுகு வேலைக்கு முள்ளம்பன்றி முள்ளாண்டி வந்தது. அது முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு உருள, கட்டிகள் பொலபொலவென்று உடைந்தன. மரத்துக் குரங்குகள் கைதட்டின.

"போதும் அண்ணே! கட்டியெல்லாம் கடலையளவுக்கு வந்துவிட்டது!" என்றது செம்பி.

"அதற்குள் போதுமா? மாவாக்கிக் காட்டுகிறேன், பார்!"

கைதட்டல் கேட்ட காதில் வேறெதுவும் ஏறுமா? முள்ளாண்டி ஏழு முறை உருண்டது. மண் புட்டுமாவாகிவிட்டது. செம்பி பயறு முழுவதையும் விதைத்தது.

மறுநாள் மழை கொட்டியது. பிறகு வெயில் காய்ந்தது. மாவு மண், அப்பளம் போல இறுகிப்போனது. ஐந்தாம் நாளும் ஒரு முளைகூடத் தலைகாட்டவில்லை. செம்பி ஓரத்தில் கொஞ்சம் கிளறிப் பார்த்தது. மேலே வர வழியில்லாமல் முளைகள் வளைந்து கிடந்தன. செம்பி அழுதேவிட்டது.

"மறுபடி புரட்டட்டுமா?" என்று கொம்பையன் ஓடிவந்தது.

"ஐயோ, முளையெல்லாம் அறுந்துவிடும்!"

முள்ளாண்டிக்கு வெட்கம் தாங்கவில்லை. "என் வீம்பால் வந்தது இது. மேலாக மட்டும் கீறிவிடுகிறேன், தங்கச்சி!" என்றது. வால் முள்ளைத் தொட்டும் தொடாமலும் இழுத்துக்கொண்டு, ஒரே ஒருமுறை நடந்தது. அப்பளம் நொறுங்கியது. இரண்டே நாளில் வயலெங்கும் பச்சை முளைகள் எழும்பின! குஞ்சுகள் குதித்தன.

"இன்னொரு தரம்! இன்னொரு தரம்!" என்று குரங்குகள் கத்தின.

முள்ளாண்டியின் முட்கள் தாமாகவே சிலிர்த்தன. செம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"வேலை முடிந்துவிட்டது, போங்களடா!" என்று சொல்லி, முள்ளாண்டி முட்களை மடக்கிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தது.

வேலையைச் செய்யத் தெரிந்தால் மட்டும் போதாது, அதை எங்கே நிறுத்துவது என்றும் தெரிய வேண்டும்.