நாலாவது கோடு

கோயமுத்தூரில் டயரைப் பற்றி யோசனை கேட்டால் தெரியாது என்று சொல்ல ஆளே கிடையாது. நாச்சிமுத்து இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பேக்கரியில் கேட்டார், கல்யாணப் பந்தியில் கேட்டார், பல் பிடுங்கப் போன இடத்தில் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு டாக்டரிடமும் கேட்டார். டாக்டர் பஞ்சை மாற்றிக்கொண்டே ஒரு டயரின் பெயரைச் சொன்னார்.

கேள்வி இதுதான். மழை பெய்யும் தெருவிலும் ஓட வேண்டும், பந்தய ட்ராக்கிலும் ஓட வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே டயர் எது?

நாச்சிமுத்து பம்புக்கு வார்ப்பு ஊற்றும் பட்டறை வைத்திருந்தார். ஐம்பத்தாறு வயதில், இரண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். சொந்தக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊருக்குத் தெற்கே இருக்கும் ட்ராக்குக்குப் போய் முறையாக ஓட்டக் கற்றுக்கொண்டார்.

கற்றுக்கொடுத்தவள் ஜெசிந்தா. முப்பத்திரண்டு வயது. ஒன்பது வருடம் பந்தயத்தில் ஓட்டிவிட்டு, இப்போது மற்றவர்களுக்குச் சொல்லித் தருகிறாள். அங்கே எல்லாரும் அவளை மேடம் என்பார்கள். நாச்சிமுத்து மட்டும் அம்மிணி என்பார். குருவை அப்படிக் கூப்பிடலாமா என்று யாரோ கேட்டதற்கு, "எம்பட பொண்ண விட ரெண்டு வயசுதான் பெரியவங்க. வேற எப்படிக் கூப்பிடறது?" என்றார். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் அவள் பேச்சை அவர் தட்டியதே இல்லை.

அந்த ஞாயிறு, அவர் வந்து சேர்ந்த பத்தாவது நிமிடம் மழை பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் யாரும் வரவில்லை. ஷெட்டில் ஜெசிந்தா மட்டும் உட்கார்ந்து ஹெல்மெட் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாச்சிமுத்து சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். அதில் ஐந்து டயர்களின் பெயர் இருந்தது.

"இதுல ஒண்ணைத் தொட்டுக் காட்டுங்க அம்மிணி. கண்ணை மூடிட்டு வாங்கிப்போடறேன்."

"எதுக்குங்ணா இவ்வளவு அவசரம்?"

"உங்களுக்குத் தெரியாததா? வசந்தாமணி வண்டியில ஏறமாட்டேங்கறா."

வசந்தாமணி அவர் மனைவி. முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவள். இரண்டு மாதத்துக்கு முன்னால்தான், வா வா என்று கெஞ்சி, அவர் ஓட்டுவதைப் பார்க்க முதன்முறையாக அவளை ட்ராக்குக்குக் கூட்டிவந்தார். திரும்பும்போது நல்ல மழை. பொள்ளாச்சி ரோட்டில் ஒரு வளைவில் வண்டி வழுக்கி, ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றது. எதிரே வந்த லாரி பத்தடி தள்ளி நின்றது. இருவருக்கும் ஒரு கீறல் இல்லை. வசந்தாமணி கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ரோட்டைக் கடந்தாள். வந்த டவுன் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

சண்டை ஒன்றும் போடவில்லை. காலையில் காபி கொடுத்தாள். பேரன் தவழ ஆரம்பித்த சேதியைச் சொன்னாள். பட்டறையில் உலை சரியாகிவிட்டதா என்று கேட்டாள். அவர் கார் சாவியைக் கையில் எடுத்தால் மட்டும், செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். திட்டித் தீர்த்திருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பக்கத்து சீட்டு இரண்டு மாதமாகக் காலியாகக் கிடந்தது.

"அவளுக்கு டயர் மேல நம்பிக்கை போயிருச்சுங்க அம்மிணி. நல்லதா ஒண்ணை மாட்டிட்டா ஏறிக்குவா."

ஜெசிந்தா காகிதத்தை வாங்கவில்லை. எழுந்து போய்க் காரின் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். டயரின் நடுவில் இரண்டே பள்ளங்கள் ஓடின. ஓரங்களில் பட்டன் எனப்படும் வரி மேடுகளே இல்லை, வழவழவென்று இருந்தது. காய்ந்த ட்ராக்கில் தார் மேல் அப்படியே ஒட்டிக்கொண்டு போகும் ரகம். நாச்சிமுத்துவின் பட்டறை டிரைவர் இதற்கு வைத்திருந்த பெயர் பாதி மொட்டை.

"அன்னைக்கும் இதுதான் மாட்டியிருந்தீங்களா?"

"இதேதான். ட்ராக்ல இதை அடிச்சுக்க ஆளில்லை."

"மழையில?"

"கொஞ்சம் இழுக்குமுங்க."

"கொஞ்சம்னா?"

நாச்சிமுத்து கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஓர் அளவு காட்டினார். சுண்டல் வாங்கும்போது அவ்வளவு கொடுத்தால் சண்டைக்குப் போயிருப்பார்.

ஷெட்டுக்குப் பின்னால் பிரேக் பழகுவதற்கென்று நீளமான தார்த்தளம் ஒன்று இருந்தது. ஓர் ஆரம்பக் கோடு. அதற்கப்புறம் பத்துப் பத்து மீட்டருக்கு ஒரு வெள்ளைக் கோடு. ஜெசிந்தா ஷெட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"அறுபதுல வந்து ஆரம்பக் கோட்டுல பிரேக்கை அமுக்குனா, வண்டி எங்க நிக்கும்? அந்த இடத்துக்கு அடுத்தாப்பல இதைப் போடுங்ணா."

அவர் யோசிக்கவே இல்லை. விறுவிறுவென்று நடந்துபோய் இரண்டாவது கோட்டைத் தாண்டியதும் நாற்காலியைப் போட்டார். மழைத்தண்ணீரைத் தன் துண்டால் துடைத்தும் வைத்தார்.

ஜெசிந்தா வந்து அதில் உட்கார்ந்தாள். குடையை விரித்துக்கொண்டாள்.

"ஓட்டுங்ணா."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் போய் வண்டியில் ஏறினார். தளத்தின் கடைசிக்குப் போய்த் திருப்பி நிறுத்தினார்.

வைப்பர் போய்ப்போய் வந்தது. கண்ணாடிக்கு அப்பால் ஒரு நாற்காலி, ஒரு கறுப்புக் குடை, அதற்குக் கீழே ரப்பர் செருப்பு போட்ட இரண்டு கால்கள். நாச்சிமுத்து முதல் கியரைப் போட்டார். கால் ஆக்சிலேட்டரின் மேல் இருந்தது. அமுக்கத்தான் வரவில்லை. கைகளைப் பார்த்தார், அவை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன.

இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, மழையிலேயே நடந்து வந்தார்.

"நாற்காலியைச் சித்தெத் தள்ளிப் போட்டுக்கலாமுங்க அம்மிணி."

"எவ்வளவு தள்ளி?"

அவள் எழுந்து வழிவிட்டாள். அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது கோட்டைத் தாண்டினார். நிற்கவில்லை. நாலாவது கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் இறக்கி வைத்தார்.

அவள் மறுபடியும் அதில் உட்கார்ந்தாள். "ஓட்டுங்ணா."

"நீங்க முதல்ல எந்திரிச்சு வெளிய வாங்க."

"தள்ளித்தானுங்ணா போட்டிருக்கீங்க."

"வாங்க அம்மிணி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் எழுந்து தளத்துக்கு வெளியே புல்லில் போய் நின்றாள். இப்போது அவர் ஓட்டினார். முள் அறுபதைத் தொட்டது. ஆரம்பக் கோட்டில் பிரேக்கை மிதித்தார். பெடல் காலுக்கடியில் தடதடவென்று அதிர்ந்தது. வண்டி நிற்பதாகத் தெரியவில்லை. இரண்டாவது கோடு சக்கரத்துக்கு அடியில் போனதைப் பார்த்தார், மூன்றாவதும் போனது. வண்டியின் மூக்கு லேசாக இடது பக்கம் திரும்பியது. நாலாவது கோட்டுக்கு ஒரு மீட்டர் முன்னால், ஒருவழியாக வண்டி நின்றது. நாற்காலி அதன் பாட்டுக்கு நனைந்துகொண்டிருந்தது.

ஜெசிந்தா காரைப் பார்க்கவில்லை. அவர் இறங்கும்வரை குனிந்து கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலாவது கோட்டை எப்படிங்ணா கண்டுபிடிச்சீங்க?"

"சும்மா ஒரு குத்துமதிப்புத்தான்."

"குத்துமதிப்புல ஒரு மீட்டர்தான் தப்பியிருக்கு."

நாச்சிமுத்து துண்டைப் பிழிந்தார். பிழிந்ததையே திரும்பவும் பிழிந்தார்.

"டயர்க் கடைக்காரன் சொன்னானுங்க."

"என்னன்னு?"

"ஈரத்துல இது ரெண்டு மடங்கு தூரம் கேக்கும், மழை நாள்ல ரோட்டுக்கு எடுத்தறாதீங்கன்னான்."

"எப்பச் சொன்னாரு?"

"மாட்டுன அன்னைக்கே சொல்லிட்டான்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். நாற்காலியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு நடந்தாள். அவர் பின்னாலேயே போனார். திட்டு விழும் என்று எதிர்பார்த்தார். அவள் பிளாஸ்கிலிருந்து இரண்டு டம்ளரில் டீ ஊற்றினாள்.

"வண்டியோட வந்த டயர் எங்கீங்ணா இருக்கு?"

"பட்டறை குடோன்ல. சாக்குப் போட்டு மூடி வெச்சிருக்கேன்."

"பட்டன் தேஞ்சுருச்சுங்களா?"

"ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடலை. புதுசாட்டம் இருக்குது."

"பின்ன என்ன, அதையே மாட்டுங்க. தண்ணி வெளிய போறதுக்கு டயர்ல வழி வேணும். அதுல இருக்குது, இதுல இல்லை. மழை ரோட்டுக்கு அது போதும்."

"ட்ராக்ல?"

"அதுலயே ஓட்டுங்க. காஞ்ச நாள்ல நாலு ரவுண்டுல சூடாகி இளக ஆரம்பிக்கும். ஒரு ரவுண்டு மெதுவாச் சுத்தி ஆற விடுங்க. ஒவ்வொரு ரவுண்டுக்கும் ரெண்டு செகண்டு கூட ஆகும். ஆனா ஆகட்டுமே, உங்களை யாரு துரத்தறா? இல்லை, இந்தப் பாதி மொட்டைதான் வேணும்னா, இங்க ஷெட்டுல போட்டு வைங்க. வெயில் நாள்ல வந்து மாட்டிக்குங்க, வீட்டுக்குக் கிளம்பறப்பக் கழட்டிட்டுப் போங்க. இன்னைக்கு வண்டி இங்கயே நிக்கட்டும்."

நாச்சிமுத்து காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். முகம் தெளிந்துவிட்டது. இரண்டு மாதம் ஊரெல்லாம் அலைந்து கேட்டது, சொந்தக் குடோனில் சாக்குக்குக் கீழே கிடந்திருக்கிறது. அவருக்கே சிரிப்பு வந்தது.

"குடோன்ல இருந்து டயரை இங்க வரவெச்சு இன்னைக்கே மாட்டிடறேன். வீட்டுக்குப் போனதும் அவகிட்டச் சொல்லிடலாம். டயர் மாத்தியாச்சு, தைரியமா ஏறுன்னு."

"அக்கா டயரைப் பத்தி ஏதாச்சும் கேட்டாங்களாங்ணா?"

"இல்லீங்க."

"வேற ஏதாச்சும் கேட்டாங்களா?"

அவர் டம்ளரை உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டினார். டீ ஆறி, மேலே ஆடை படிந்திருந்தது. வண்டி வழுக்கிய அன்று அவர் வீடு வந்து சேர்ந்தபோது வசந்தாமணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த புடவையை மடித்து முடித்தாள். அப்புறம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"வழுக்கும்னு தெரிஞ்சேதான் ஓட்டுனீங்களான்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தெரியாதுன்னுட்டேன்."

தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டே இருந்தது. அவள் கேட்காத கேள்விக்கெல்லாம் அவர் பதில் சொல்ல ஆரம்பித்தார்.

"வேற என்னங்க சொல்றது? முப்பத்தொரு வருசம் கூட வாழ்ந்தவகிட்ட, தெரிஞ்சேதான் ஓட்டுனேன்னு எப்படிச் சொல்றது? அன்னைக்கு இங்கிருந்து கிளம்பறப்ப, மழை விடட்டுமேன்னு அவதான் சொன்னா. இந்த வண்டிக்கு மழையெல்லாம் ஒரு பொருட்டே இல்லைன்னு நான்தான் பெருமை பீத்திட்டேன். அப்படியும், அவளுக்கு ஒண்ணு ஆகட்டும்னு யாராச்சும் நினைப்பாங்களா? ஓட்டற சந்தோசத்துல இதெல்லாம் நெஞ்சுல நிக்கறதில்லைங்க அம்மிணி. அதே இன்னைக்குப் பாருங்க. எதுக்க ஒரு ஆளு உக்காந்திருக்கறதைப் பார்த்ததும் காலு அமுக்க வரலை. ஆளு இருந்தா எப்படிங்க மனசு வரும்?"

ஜெசிந்தா அவர் கையிலிருந்த ஆறிய டீயை வாங்கி வெளியே ஊற்றிவிட்டு, வேறு டீ ஊற்றிக் கொடுத்தாள்.

"அன்னைக்கு ஆளு பக்கத்துலதானுங்ணா உக்காந்திருந்தாங்க," என்றாள்.